மூன்று பொட்டலம், மூன்று கருப்புக் கதிர்: எல்லாம் ஒரே கரிப்பூட்டைதானா?

#1 களைக்கொத்தி

எல்லாருக்கும் வணக்கம். புல் வகைகளை அடையாளம் காண்பதில் இரண்டு வருடமாகப் பித்து. பூஞ்சைப் பக்கம் இப்போதுதான் எட்டிப் பார்க்கிறேன். போன வாரம் ஒரு தரிசில் நடந்தபோது மூன்று வேறு வேறு புல்லில் கதிர் கருத்திருந்தது. கரிப்பூட்டை, அதாவது கதிரைக் கருப்புப் பொடியாக்கும் பூஞ்சை நோய், என்று நினைக்கிறேன். தனித்தனியாகக் காகிதத்தில் மடித்து எடுத்து வந்திருக்கிறேன்.

பொட்டலம் 1: அருகம்புல். விரல் மாதிரிப் பிரியும் கதிர் நான்கும் கரியில் தோய்த்ததுபோல் இருக்கிறது. தொட்டால் ஒட்டுகிறது, ஊதினால் பறக்கிறது.

பொட்டலம் 2: ஸ்போரோபோலஸ் பேரினத்தில் ஏதோ ஒன்று. ஒல்லியான நீளக் கதிர், மேல் பாதியில் கருப்பு அப்பிக் கிடக்கிறது.

பொட்டலம் 3: என்ன புல்லென்றே தெரியவில்லை. கதிர் வரவேண்டிய இடத்தில் இலையுறைக்குள்ளிருந்து வெளிறிய குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. கிழிந்த இடத்தில் கருப்புப் பொடி. பொடியைத் தட்டினால் நடுவில் ஈர்க்குச்சி மாதிரி ஏதோ நிற்கிறது.

ஒரே நோய்தான் ஒரு புல்லிலிருந்து அடுத்ததுக்குத் தாவியிருக்கிறது என்பது என் ஊகம். சரியா?

#2 அவசரக்காரன்

1 அருகம்புல்லின் கரிப்பூட்டைப் பூஞ்சை, உஸ்டிலாகோ சைனோடான்டிஸ். கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். 2-ம் ஏதோ ஒரு உஸ்டிலாகோதான். 3 நடுவில் குச்சி இருப்பதால் ஸ்போரிசோரியம் என்ற வேறு கரிப்பூட்டைப் பேரினம். முடிந்தது கதை.

#3 பழைய ஸ்லைடு

அவசரம் தம்பி, கண்ணை மூடிக்கொண்டு சொன்னதில் ஒன்று சரியாக இருக்கலாம். ஆனால் எது சரி, எது தப்பு என்று கண்ணைத் திறந்தால்தானே தெரியும்?

களைக்கொத்தி, முதலில் உங்கள் ஊகத்துக்கு வருகிறேன். கரிப்பூட்டைகள் பெரும்பாலும் ஒரு புல்லையோ, நெருங்கிய சொந்தக்காரப் புற்களையோ மட்டும் பிடிப்பவை. துரு நோய்களில் சில இரண்டு வெவ்வேறு செடிகளில் மாறி மாறி வாழும்; கரிப்பூட்டைக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஒரே தரிசில் மூன்று பேரினப் புல்லில் கருப்பு என்றால், மூன்றும் வேறு வேறு என்று வைத்துக்கொண்டு தொடங்குவதுதான் பாதுகாப்பு.

பெயரை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். நான்கு கேள்விக்கு மட்டும் பதில் வேண்டும். கருப்பு செடியின் எந்த உறுப்பில் இருக்கிறது: சூற்பையிலா, சிறுகதிர் (கதிரில் பூக்களைத் தாங்கும் சிறு அலகு) முழுவதிலுமா, மஞ்சரி (மொத்தப் பூங்கதிர்) முழுவதிலுமா, இலையிலா, தண்டின் கணுவிடையிலா? ஒரு குத்தில் எல்லாக் கதிரும் கருத்திருந்ததா, ஒன்றிரண்டு மட்டுமா? பொடியை மூடி உறை இருந்ததா? உள்ளே நடுத்தண்டு உண்டா, உண்டென்றால் ஒன்றா பலவா, தடித்ததா நூல் மாதிரியா? நுண்ணோக்கி இல்லாமலே இவ்வளவும் பார்க்கலாம். பத்து மடங்கு கைலென்ஸ் போதும்.

#4 சூலகம்

நான் புல் ஆள். பூஞ்சைப் பெயரில் தலையிட மாட்டேன், ஆனால் 3-ல் ஒரு சிக்கல் இருக்கிறது. புல்லை அடையாளம் காண நாம் நம்பியிருப்பது சிறுகதிரை. கரிப்பூட்டை முதலில் அழிப்பதும் அதைத்தான். நோயுள்ள குத்தை மட்டும் எடுத்து வந்தால் புல்லின் பெயர் தெரியாது. புல்லின் பெயர் தெரியாமல் பூஞ்சைக்குப் பெயர் தேடுவது இருட்டில் ஊசி கோப்பது மாதிரி. அதே இடத்துக்குப் போய்ப் பக்கத்தில் நிற்கும் நல்ல கதிரோடு ஒரு குத்து எடுத்து வாங்க. கதிரை வைத்து மட்டும் இல்லை, இலையுறையும் இலைநாக்கும் (இலையும் உறையும் சேரும் இடத்திலுள்ள சவ்வு) நோயுள்ள செடியோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள். பக்கத்தில் நிற்பதெல்லாம் அதே இனமாக இருக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

#5 பழைய ஸ்லைடு

சூலகம் அம்மா சொன்னதற்கு ஒரு அனுபவ சாட்சி. வேலையில் சேர்ந்த புதிதில், மாதிரியோடு வந்த சீட்டில் எழுதியிருந்த புல் பெயரை அப்படியே நம்பி ஒரு கரிப்பூட்டைக்குப் பெயர் எழுதிப் பெட்டியில் வைத்தேன். புல் பெயரே தப்பு. பதினோரு வருடம் கழித்து ஒருவர் கண்டுபிடித்தார். அதுவரை அந்தப் பெட்டியைத் திறந்தவர்கள் எல்லாரும் என் தப்பை நகல் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

#6 களைக்கொத்தி

நன்றி. கைலென்ஸில் பார்த்தது:

1: எல்லாக் கதிரும் கருப்பு. பூவே இல்லை, கதிர்க்காம்பு முழுக்கப் பொடி. உறை மாதிரி எதுவும் நிற்கவில்லை. நடுத்தண்டு என்றால் கதிர்க்காம்புதான், தனியாக இல்லை. அந்தக் குத்திலிருந்து ஓடிய கொடியில் வந்த கதிர்களும் அப்படியே.

2: கருப்பு உள்ளே இல்லை, மேலே! சிறுகதிர் உள்ளே நன்றாகவே இருக்கிறது. மேல்தோலில் வெல்வெட் மாதிரி ஒட்டியிருக்கிறது. ஊதினால் பறக்கவில்லை.

3: உறை உண்டு, சாம்பல் கலந்த வெள்ளை. நடுத்தண்டு ஒன்று, தடித்தது, நுனி கூர்மை.

நாளை நண்பரின் நுண்ணோக்கி கிடைக்கும். எதில் வைத்துப் பார்க்க வேண்டும்? தண்ணீர் போதுமா?

#7 பழைய ஸ்லைடு

பறக்கவில்லை, மேலே ஒட்டியிருக்கிறது என்றதுமே 2-ன் மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

தண்ணீரில் போட்டால் ஸ்போரைச் (அந்தக் கருப்புப் பொடியின் ஒவ்வொரு துகளும் பூஞ்சையின் விதை மாதிரியான ஒரு ஸ்போர்) சுற்றிக் காற்றுக் குமிழி ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். லாக்டிக் அமிலம் ஒரு சொட்டு விட்டு, ஊசிமுனையில் எடுத்த பொடியைக் கலந்து, கவர்ஸ்லிப் மூடி, சுடரில் லேசாகக் காட்டுங்கள். கொதிக்கத் தொடங்கும் நேரத்தில் எடுத்துவிட வேண்டும். பொடி கொஞ்சமாக இருக்கட்டும். புதிதாகப் பார்ப்பவர்கள் எல்லாரும் அள்ளிப்போட்டு நிலக்கரிச் சுரங்கத்தைப் பார்க்கிறார்கள்.

அளப்பது ஐம்பது ஸ்போராவது. கண்ணுக்கு அழகாகத் தெரிவதை அல்ல, பார்வைக்குள் வருவதை வரிசையாக. ஸ்போர் சுவரை எண்ணெய் லென்ஸில், ஆயிரம் மடங்கில் பாருங்கள். மேற்பரப்பில் ஒருமுறை ஃபோகஸ், பிறகு மெதுவாக இறக்கி விளிம்பில் ஒருமுறை. மேலே புள்ளி புள்ளியாகத் தெரிந்தும் விளிம்பு வழவழவென்று இருந்தால் அது ஒரு வகை. விளிம்பில் முள் நீட்டிக்கொண்டிருந்தால் வேறு வகை. வலை மாதிரிப் பின்னல் இருந்தால் அதையும் எழுதுங்கள்.

ஸ்போர் தனித்தனியா, உருண்டையாகச் சேர்ந்தா என்பதும் முக்கியம். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் தனி ஊசி. இல்லாவிட்டால் 1-ன் ஸ்போரை 3-ல் பார்த்துப் புதுச் சிற்றினம் கண்டுபிடிப்பீர்கள்.

#8 அவசரக்காரன்

உருண்டை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? கருப்புப் பொடி கருப்புப் பொடிதானே.

#9 பழைய ஸ்லைடு

இலையில் வரும் கரிப்பூட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். இலை நரம்போடு இணையாகச் சாம்பல் நிறக் கோடு, பிறகு கிழிந்து கருப்புப் பொடி, கடைசியில் இலை நார் நாராகக் கிழியும். வெளியே பார்த்தால் உஸ்டிலாகோ ஸ்ட்ரைஃபார்மிஸும் யூரோசிஸ்டிஸ் அக்ரோபைரியும் இரட்டைப் பிள்ளைகள். கவர்ஸ்லிப்புக்கு அடியில் முதல்வனுடைய ஸ்போர் ஒவ்வொன்றும் தனி ஆள். இரண்டாமவனிடம் நடுவில் ஒன்றோ சிலவோ கருத்த ஸ்போர், அதைச் சுற்றி வெளிறிய வெற்றுச் செல்கள் காவல் நிற்கும். பேரினம் மட்டும் இல்லை, துறையே (குடும்பத்துக்கும் மேலான பிரிவு) வேறு: ஒன்று உஸ்டிலாஜினேல்ஸ், இன்னொன்று யூரோசிஸ்டிடேல்ஸ். உருண்டையைக் கவனிக்காமல் விட்டால் நீங்கள் தப்பும் இடம் இவ்வளவு பெரியது.

#10 களைக்கொத்தி

பார்த்துவிட்டேன். ராத்திரி இரண்டு மணி வரை.

1: தனித்தனி ஸ்போர். உருண்டை, சில லேசாகக் கோணல். 6 முதல் 8 மைக்ரான். விளிம்பும் மேற்பரப்பும் வழவழ. முள் எதுவும் தென்படவில்லை.

2: இது என்ன கூத்து? உருண்டையே இல்லை. பழுப்பு நிறத்தில் நீளமாக, கம்பளிப்பூச்சி மாதிரி, குறுக்கே பல சுவர். நான் ஸ்லைடை மாற்றிப் போட்டுவிட்டேனோ என்று மூன்று முறை திரும்பச் செய்தேன்.

3: இளம் பகுதியில் ஸ்போர் கூட்டமாக இருந்தது, அழுத்தியதும் உதிர்ந்துவிட்டது. நிறமில்லாத செல்கள் இடையிடையே கொத்தாக. ஸ்போர் சுவரில் நுண்ணிய முள், விளிம்பிலும் தெரிகிறது.

#11 பழைய ஸ்லைடு

ஸ்லைடை மாற்றவில்லை. 2 கரிப்பூட்டையே இல்லை. பைபோலாரிஸ் ரவனெலி என்ற வேறு பூஞ்சை. ஸ்போரோபோலஸ் கதிரில் வெல்வெட் மாதிரி வளர்வது இதுதான். வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலம் பேசும் ஊர்களில் ஸ்போரோபோலஸ் இண்டிகஸுக்குக் ‘கரிப்பூட்டைப் புல்’ என்றே பெயர். அந்தப் பெயர் வந்தது இந்தக் கருப்பால்தான், கருப்போ கரிப்பூட்டை இல்லை. பல தலைமுறையாக ஊரே ஏமாந்திருக்கிறது. அவசரம் தம்பி ஏமாந்ததில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இன்னொரு ஏமாற்றுக்காரனையும் அறிமுகப்படுத்திவிடுகிறேன். தேன் ஒழுகல் நோய் வந்த புல் கதிரில் இனிப்பு நீர் வடியும், அது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த நீரின் மேல் வேறொரு பூஞ்சை குடியேறும். செரிபெல்லா என்று பழைய பெயர், இப்போது எபிகாக்கம் பேரினத்தில் இருக்கிறது. மூளை மாதிரி மடிப்பு மடிப்பாகக் கருப்பு உருண்டை. தூரத்தில் பார்த்தால் சத்தியமாகக் கரிப்பூட்டைதான். கையில் எடுத்தால் கெட்டி.

#12 அவசரக்காரன்

சரி சரி, 2-ல் தோல்வி. ஆனால் 1 உஸ்டிலாகோ சைனோடான்டிஸ்தானே? அதைச் சொல்லுங்கள்.

#13 பழைய ஸ்லைடு

ஆமாம், இப்போது ஆமாம். வழவழப்பான சிறிய ஸ்போர், உறையும் நடுத்தண்டும் இல்லாமை, மஞ்சரி முழுவதும் அழிந்தது, ஓடுகொடிக் கதிரிலும் வந்தது. கடைசியாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு: பூஞ்சை செடிக்குள் ஊடுருவி வளர்கிறது, அதனால் அந்தக் கொடி எங்கே வேர்விட்டாலும் நோயும் கூடவே போகும். நீங்கள் சொன்ன பெயரைத்தான் நானும் எழுதுவேன். ஆனால் நீங்கள் பார்த்தது அருகம்புல்லை, நான் பார்த்தது பூஞ்சையை.

#14 நாலெழுத்து

தாமதமாக வருகிறேன். 3-ஐப் பற்றி: ‘நடுத்தண்டு இருந்தால் ஸ்போரிசோரியம், இல்லாவிட்டால் உஸ்டிலாகோ’ என்பது பழைய வாய்ப்பாடு. டிஎன்ஏ வந்த பிறகு அது நிற்கவில்லை. உஸ்டிலாகோ, ஸ்போரிசோரியம், மகால்பினோமைசிஸ் மூன்று பேரினங்களையும் டிஎன்ஏவை வைத்து வரைந்த ஒரே உறவு மரத்தில் வைத்துப் பார்த்தபோது ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடந்தன. 2012-ல் மெக்டாகார்ட், ஷிவாஸ் ஆகிய ஆய்வாளர்களின் குழு ஸ்போரிசோரியத்தை உடைத்தது. ஆந்த்ரகோசிஸ்டிஸ் என்ற பழைய பெயருக்கு உயிர் கொடுத்தார்கள். லாங்டோனியா, ஸ்டோலியா, ட்ரையோடியோமைசிஸ் எல்லாம் அப்போது வந்த புதுப் பேரினங்கள். ஆகவே 3-ன் டிஎன்ஏ வரிசையைப் படிக்காமல் பேரினம் சொல்வதே வீண். ஐடிஎஸ் என்ற, பூஞ்சைகளை இனம்காணப் பயன்படும் டிஎன்ஏ பகுதியை எடுத்துப் படித்தால் இரண்டு நாளில் பதில்.

#15 பழைய ஸ்லைடு

நாலெழுத்து, மரத்தை நானும் ஏற்கிறேன். ஆனால் அந்தக் குழு உடைத்துவிட்டுச் சும்மா போகவில்லை. உடைந்த துண்டு ஒவ்வொன்றுக்கும் கண்ணால் பார்க்கிற அடையாளம் தேடினார்கள். ஸ்போரிசோரியத்தில் தடித்த நடுத்தண்டு, ஆந்த்ரகோசிஸ்டிஸில் நூல் போன்றவை, கூடவே எளிதில் உடையாத ஸ்போர் உருண்டை. லாங்டோனியா என்றால் அரிஸ்டிடா புல், ட்ரையோடியோமைசிஸ் என்றால் ட்ரையோடியா புல். ‘நடுத்தண்டு உண்டா’ என்ற கேள்வி செத்துப்போனது உண்மை. ‘எப்படிப்பட்ட நடுத்தண்டு’ என்ற கேள்வி அதன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. களைக்கொத்தியிடம் நான் முதல் நாளே அதைத்தான் கேட்டேன்.

#16 நாலெழுத்து

நியாயம். ஆனால் ஒத்த தோற்றம் பலமுறை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறதே? சைலீன் என்ற செடியின் பூவில், மகரந்தப்பையில் வரும் மைக்ரோபோட்ரியத்தை எத்தனை காலம் உஸ்டிலாகோ என்றே எழுதினோம். கருஊதாவாக, பொடியாக, கரிப்பூட்டை மாதிரியே வாழ்ந்துகொண்டு, கடைசியில் துரு நோய்க்காரர்களின் கிளையில் போய் நின்றது.

#17 பழைய ஸ்லைடு

அங்கே நுண்ணோக்கியும் தூங்கவில்லை. 1997-ல் பாவர், ஓபர்விங்க்ளர், வான்கி என்ற ஆய்வாளர்கள் மூவரும் செல்களுக்கிடையிலான துளையையும், பூஞ்சையும் செடியும் தொட்டுக்கொள்ளும் இடத்தையும் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தே கரிப்பூட்டைக் குடும்பங்களைப் புதிதாக அடுக்கினார்கள். உங்கள் மரம் பிறகு பெருமளவு அதற்கு ஒத்து வந்தது. நான் சண்டைக்கு வரவில்லை. ஜென்பேங்க் என்ற பொது டிஎன்ஏ தரவுத்தளத்தில் தேடினால் முதலில் வரும் பெயரை அப்படியே எடுத்து ஒட்டுகிறார்களே, அவர்கள் மேல்தான் கோபம். அந்தப் பெயரையும் யாரோ ஒரு அவசரக்காரர்தான் போட்டிருப்பார்.

#18 அவசரக்காரன்

நான் இங்கேதான் இருக்கிறேன் ஐயா.

#19 நாலெழுத்து

😄 ஒப்புக்கொள்கிறேன். பூஞ்சையின் மாதிரியைப் பத்திரப்படுத்தி வைக்காமல் போட்ட டிஎன்ஏ வரிசைக்கு நானும் மதிப்புத் தருவதில்லை. இன்னொரு விஷயம்: ஆய்வக வளர்ப்பில் ஈஸ்ட் மாதிரி ஏதாவது வந்தால் வெளியிலிருந்து கலந்த வேற்றுயிர் என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கரிப்பூட்டையின் வாழ்க்கையில் ஒரு பகுதி ஈஸ்ட்தான். சூடோசைமா என்று தனிப் பேரினமாகக் கிடந்த ஈஸ்ட்கள் பல, கடைசியில் இந்தக் கூட்டத்தின் பிள்ளைகளே என்று தெரிந்தது. தாவர, பூஞ்சைப் பெயர்களுக்கான 2011 மெல்போர்ன் விதித்தொகுப்பு ‘ஒரு பூஞ்சைக்கு ஒரே பெயர்’ என்றதும் சூடோசைமா அன்டார்டிகா போய் மோசியோமைசிஸ் அன்டார்டிகஸ் ஆனது.

ஒரு பெயர்ச் சண்டையும் பாக்கி இருக்கிறது. உலகம் முழுக்க ஆய்வகங்களில் வளர்க்கும் மக்காச்சோளக் கரிப்பூட்டை, உஸ்டிலாகோ மேடிஸ். மரத்தில் அது உஸ்டிலாகோவின் மாதிரிச் சிற்றினமான (பேரினப் பெயர் எதோடு கட்டப்பட்டிருக்கிறதோ அந்தச் சிற்றினம்) ஹோர்டியைவிட்டுத் தள்ளி நிற்கிறது. ஒரு தரப்பு அதை மைகோசார்கோமா என்கிறது. இன்னொரு தரப்பு, மேடிஸையே உஸ்டிலாகோவின் மாதிரியாக வைத்துவிட்டால் பழைய பெயர் பிழைக்கும் என்று 2016-ல் முன்மொழிந்தது. பூஞ்சை அதே இடத்தில்தான் இருக்கிறது, ஆட்கள்தான் நாற்காலியை நகர்த்துகிறார்கள்.

#20 சூலகம்

நாற்காலி பற்றிப் பேசும்போது ஒரு சொல். ‘பூட்டை’ என்றால் கதிர். சோளப் பூட்டை என்று இன்றும் சொல்வார்கள். கரிப்பூட்டை என்றால் கரியான கதிர். உஸ்டிலாகோவின் லத்தீன் வேரும் ‘எரிந்தது’ என்பதுதான். எத்தனை பேரினமாக உடைத்தாலும் நம் சொல் எல்லாவற்றுக்கும் சேர்த்தே நிற்கும். பொருந்தாதது இலை, தண்டு என்று கதிருக்கு வெளியே வரும் கரிப்பூட்டைக்கு மட்டும்தான்.

#21 களைக்கொத்தி

ஒரு அடிப்படைக் கேள்வி. காட்டுப் புல்லுக்கு இவ்வளவு மெனக்கெட்டு என்ன பயன் என்று வீட்டில் கேட்கிறார்கள். என்ன சொல்ல?

#22 பழைய ஸ்லைடு

இதைச் சொல்லுங்கள். 1996-ல் அமெரிக்காவின் அரிசோனாவில் கோதுமையில் டில்லீஷியா இண்டிகா என்ற, மணியைத் தாக்கும் கரிப்பூட்டைப் பூஞ்சையைக் கண்டுபிடித்தார்கள். கர்னால் பன்ட் என்கிறார்களே, அது. ஏற்றுமதியையே நிறுத்திவிடும் நோய். நாடு முழுக்கக் கோதுமையைக் கழுவிக் கழுவி ஸ்போர் தேடினார்கள். தென்கிழக்கு மாநிலக் கோதுமையிலும் அதே மாதிரி ஸ்போர் வந்தது. ஆனால் எவ்வளவு தேடியும் நோயுள்ள ஒரு கோதுமை மணிகூடக் கிடைக்கவில்லை. கடைசியில் பார்த்தால், கோதுமையோடு களையாக வளர்ந்த ரைகிராஸ் புல்லின் விதையில் வேறொரு டில்லீஷியா. அறுவடையில் அதன் ஸ்போர் கோதுமையோடு கலந்திருக்கிறது. 1999-ல் கேஸல்பரி, காரிஸ் என்ற ஆய்வாளர்கள் அதற்கு டில்லீஷியா வாக்கரி என்று பெயர் வைத்தார்கள்.

இரண்டின் அளவும் ஒன்றன்மேல் ஒன்று படிகிறது, அதனால் ஒரு ஸ்போரை மட்டும் அளந்து சொல்ல முடியாது. வாக்கரியின் சுவரில் முட்கள் தடித்து, இடைவெளி விட்டு, மேலிருந்து பார்த்தால் மூளை மடிப்பு மாதிரி. இண்டிகாவில் நெருக்கமாக, நுணுக்கமாக. ஒரு களைப் புல்லின் கரிப்பூட்டையை யாரும் முன்பே உட்கார்ந்து பார்க்காததால் வந்த வினை.

#23 களைக்கொத்தி

வீட்டில் படித்துக் காட்டிவிட்டேன். நுண்ணோக்கி வாங்க அனுமதி கிடைக்கும் போலிருக்கிறது.

இன்று தரிசுக்குத் திரும்பப் போனேன். 3-க்குப் பக்கத்தில் அதே மாதிரித் தட்டையான இலையுறை, அதே இலைநாக்கு உள்ள குத்து ஒன்று நல்ல கதிரோடு நின்றது. சிறுகதிர் ஜோடி ஜோடியாக, கருப்பு நீள முடிகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு. துணியில் குத்திக்கொண்டு வீடுவரை வந்தது.

#24 சூலகம்

ஊசிப்புல்! ஹெட்டரோபோகன் கன்டார்டஸ். நோயுள்ள குத்தில் அந்த முடி ஒன்றுகூட இல்லாததால்தான் உங்களுக்குப் பிடிபடவில்லை. கதிரோடு அடையாளத்தையும் தின்றுவிட்டது. சோளத்தின் உறவுக் கூட்டம் இது.

#25 பழைய ஸ்லைடு

சோளத்தின் கூட்டம், ஒரே தடித்த நடுத்தண்டு, பூஞ்சையாலான உறை, இடையில் வெற்றுச் செல்கள், எளிதில் உதிரும் உருண்டை. ஸ்போரிசோரியத்துக்குச் சாய்கிறேன். ஆனால் ஊசிப்புல்லில் ஒன்றுக்கு மேற்பட்ட கரிப்பூட்டைச் சிற்றினங்கள் விவரிக்கப்பட்டிருக்கின்றன. சிற்றினம் எழுத உங்கள் அளவு வேண்டும்; முள் இருக்கிறது என்றீர்கள், ஸ்போர் எத்தனை மைக்ரான் என்று சொல்லவே இல்லை.

நேரம் இருந்தால் வெறும் அகாரில் (நுண்ணுயிர் வளர்க்கும் கூழ்) கொஞ்சம் பொடி தூவி வையுங்கள். நான்கு செல்லாகக் குறுக்கே பிரிந்த குழல் வந்து பக்கத்தில் மொட்டு விட்டால் உஸ்டிலாகோ வழி. பிரியாத குழல் வந்து நுனியில் ஊசிக் கொத்து மாதிரி ஸ்போர் நின்றால் டில்லீஷியா வழி. அதில் இரண்டிரண்டு ஊசிகள் நடுவில் இணைந்து ஏணிப்படி மாதிரித் தெரியும்.

#26 களைக்கொத்தி

தூவி வைத்துப் பார்த்தேன். நான்கு செல், பக்கவாட்டு மொட்டு. ஏணிப்படி இல்லை. ஐம்பதில் முப்பத்திரண்டு அளந்திருக்கிறேன், மீதி இன்று இரவு. நாலெழுத்து, பாதிப் பொட்டலம் உங்களுக்குத் தனியாகப் பிரித்து வைத்திருக்கிறேன். வரிசை வந்ததும் அதே எண்ணில் எழுதிவிடுவோம். இப்போதைக்குச் சீட்டில் எழுதியது:

‘பொட்டலம் 3. ஸ்போரிசோரியம், சிற்றினம் முடிவாகவில்லை. ஹெட்டரோபோகன் கன்டார்டஸ் மேல். நோயற்ற கதிர் இணைப்பு 3அ. மஞ்சரி முழுவதும். உறை உண்டு. நடுத்தண்டு ஒன்று, தடித்தது.’

பொட்டலம் 2-ஐயும் தூக்கிப் போடவில்லை. ‘கரிப்பூட்டை அல்ல’ என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

#27 அவசரக்காரன்

அதன் பக்கத்தில் என் பெயரையும் எழுதுங்கள்.